"நர்சம்மா, ஒன்னு கேக்கலாமா?": கருத்தடை பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

தருமபுரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலை முடிந்தது, கேள்விகள் முடியவில்லை. கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில், டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று எங்கே பார்த்தாலும் யாராவது ஒருத்தி குரலைத் தாழ்த்தி "நர்சம்மா, ஒன்னு கேக்கலாமா?" என்பாள். அந்த ஒன்று பெரும்பாலும் போன வாரம் இன்னொருத்தி கேட்டதாகத்தான் இருக்கும். "எழுதிக் கொடுங்க அத்தை, வாட்ஸ்அப்பில் அனுப்பிடலாம்" என்று என் தம்பி மகள் சொன்னாள். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன். சர்க்கரை, பிரஷர், வலிப்பு என்று ஏதாவது இருப்பவர்கள் இதைப் படித்ததோடு நிற்காமல் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுக்கெல்லாம் எங்க போகணும்? எவ்வளவு செலவாகும்?

அரசு இடங்களில் செலவே கிடையாது. துணை சுகாதார நிலையத்தில் ஆணுறை, மாலா-என், சாயா என்ற கருத்தடை மாத்திரைகள், அவசர மாத்திரை கிடைக்கும். கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுகிற அந்தரா ஊசி இரண்டுக்கும் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் அதற்கு வசதி உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது தாலுகா, மாவட்ட மருத்துவமனை. கையில் தோலுக்கு அடியில் வைக்கிற சிறு குச்சி ஒன்றும் இப்போது அரசுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை.

போவதற்கு முன்னால் எங்கே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? 104-க்குப் போன் போடுங்கள். பேரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றில்லை.

கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது. மாத்திரை சாப்பிட்டா பின்னாடி குழந்தையே தங்காதுன்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?

நிஜமில்லை. மாத்திரையை நிறுத்திய அடுத்த மாதமே தரித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காப்பர் டியும் அப்படித்தான், எடுத்த பிறகு அது உடம்பில் எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை. ஊசி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. கடைசி ஊசிக்குப் பிறகு தரிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் ஊசிப் பக்கம் போக வேண்டாம்.

மாமியார் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் காலத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குழந்தைக்காகக் காத்திருந்த யாரோ ஒருத்திக்குத் தங்காமலே போயிருக்கும். மாத்திரை சாப்பிடாத பெண்களிலும் சிலருக்குத் தங்குவதில்லை. பழி மட்டும் மாத்திரை மேல் விழுந்துவிட்டது.

மாலா-என், சாயா ரெண்டும் ஒன்னுதானே?

இல்லை. இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. 21 வெள்ளை, 7 பழுப்பு. வெள்ளையில்தான் ஹார்மோன் இருக்கிறது. பழுப்பு வெறும் இரும்புச் சத்து. தினமும் போடுகிற பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக வைத்தது. பழுப்பு போடுகிற வாரத்தில் மாதவிலக்கு வந்துவிடும். "பழுப்பு கசக்குது"ன்னு குப்பையில் போட்டுவிட்டு, ஏழு நாள் கழித்து அடுத்த அட்டையை ஆரம்பிக்க மறந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

சாயாவில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது. 1991-லேயே சஹேலி என்ற பேரில் கடைக்கு வந்துவிட்டது. இப்போது அதே மருந்தை அரசு சாயா என்று இலவசமாகத் தருகிறது. மாதவிலக்கு வந்த முதல் நாள் ஆரம்பிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. முதல் மாத்திரை ஞாயிறு என்றால் மூன்று மாதத்துக்கு ஞாயிறும் புதனும், நாலாவது மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் ஆகும். மாலா-என் ஆகாது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆன பிறகுதான் எடுக்கலாம். சாயா எடுக்கும்போது சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், பயந்துவிட வேண்டாம். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் ஒரு பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள்.

35 வயதைத் தாண்டிய புகையிலைப் பழக்கக்காரர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் அடித்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள் மாலா-என் பக்கம் போகக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு மாலா-என் சரியாக வேலை செய்யாது. இதைக் கேட்காமலே அட்டையை எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ரெண்டு நாள் மாத்திரை போட மறந்துட்டேன். இப்ப என்ன பண்றது?

மாலா-என் என்றால், ஒன்றோ இரண்டோ விட்டிருந்தால் ஞாபகம் வந்த உடனே ஒன்றைப் போட்டுவிட்டு, அன்றைக்கு உள்ளதையும் அதன் நேரத்தில் போடுங்கள். மூன்றோ அதற்கு மேலோ விட்டிருந்தால் ஒன்றைப் போட்டுத் தொடருங்கள், ஏழு நாளைக்கு ஆணுறையும் சேர வேண்டும். பழுப்பை விட்டதற்குக் கவலைப்பட வேண்டாம். காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

சாயா என்றால், ஏழு நாளுக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுவிட்டு, அடுத்த மாதவிலக்கு வரைக்கும் ஆணுறை. ஏழு நாளைத் தாண்டிவிட்டால் புதிதாக ஆரம்பிப்பவர் மாதிரி முதலிலிருந்து வாரம் இரண்டு.

பால் கொடுக்கிற வரைக்கும் தரிக்காதாமே?

பாதி உண்மை. மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் நம்பலாம்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது. புட்டிப்பாலோ கூழோ ஆரம்பித்தால் அன்றோடு சரி.

"இன்னும் தலைக்கே குளிக்கலியே, எப்படி?" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து நின்றவர்கள் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே கருமுட்டை வந்துவிடும். அந்த இரண்டு வாரத்தில்தான் ஏமாந்துபோவது.

காப்பர் டி மேல ஏறி நெஞ்சுக்குப் போயிடும்னு சொல்றாங்களே?

நெஞ்சுக்குப் போக வழியே கிடையாது. கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைச் சுவர் இருக்கிறது. கர்ப்பப்பை உங்கள் மடக்கிய கை அளவுதான், காப்பர் டி அதற்குள் உட்கார்ந்திருக்கும். போடுகிற சமயத்தில் கர்ப்பப்பைச் சுவரில் குத்திவிடுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கலாம். அதனால்தான் ஒரு மாதம் கழித்து வரச் சொல்கிறோம். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் வருவதில்லை என்பது என் பழைய குறை.

முதல் மூன்று மாதம் உதிரப்போக்கும் வலியும் கொஞ்சம் அதிகமாக இருக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது சிரமம். இதை மறைத்து "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிப் போட்டால் ஒரு மாதத்தில் எடுக்க வந்துவிடுவார்கள், பத்துப் பேரிடம் நெஞ்சுக் கதையும் சொல்வார்கள். 380ஏ வகை பத்து வருடம், 375 வகை ஐந்து வருடம். எந்த வகை, எந்தத் தேதி என்று அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிரசவம் ஆன கையோட என்னைக் கேக்காமலே காப்பர் டி போட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுது.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்துவிடும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போடுவது நல்ல முறைதான். அந்த நேரம் தாண்டினால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். ஆனால் கர்ப்ப காலத்தில் செக்கப்புக்கு வரும்போதே பேசி, யோசிக்க நாள் கொடுத்து, அவள் வாயால் சரி என்று சொன்ன பிறகு போட வேண்டிய ஒன்று. வலியில் துடிக்கிறவளிடம் ஒரு காகிதத்தை நீட்டி வாங்குகிற கையெழுத்து சம்மதம் ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்று வருடம் குழந்தைக்காகக் கோவில் கோவிலாகப் போனாள். ஸ்கேன் எடுத்த இடத்தில்தான் உள்ளே காப்பர் டி இருப்பது தெரிந்தது. முதல் பிரசவத்தில் போட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் மூலையில் ஆங்கிலத்தில் நாலு எழுத்து இருந்திருக்கிறது, யாரும் படித்துச் சொல்லவில்லை.

உங்களுக்கு வேண்டாம் என்றால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடுத்துவிடுவார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "அஞ்சு வருஷம் ஆகட்டும், வா" என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை கிடையாது.

ஊசி போட்டதிலிருந்து தூரமே வரலை. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடாதா?

தங்க அங்கே ஒன்றும் இல்லை. மாதாமாதம் கர்ப்பப்பைக்குள் ஒரு மெத்தை மாதிரி வளர்ந்து, தரிக்காதபோது அதுதான் ரத்தமாக வெளியேறும். அந்தரா ஊசி அந்த மெத்தையை வளரவே விடாது. வளராதது எப்படி வெளியே வரும்? முதலில் சில மாதம் கண்டபடி திட்டுத்திட்டாகப் படும், போகப் போக நின்றுவிடும். ஊசியை நிறுத்தினால் பழையபடி வரும்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, ஒத்தடமும் வேண்டாம். தேதி தாண்டிவிட்டால் நாலு வாரம் வரைக்கும் பொறுக்கும், ஆனால் அதையே வழக்கமாக்காதீர்கள். பால் கொடுப்பவர்கள் பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கடையில போய் ஆணுறை கேக்க வெட்கமா இருக்குங்க.

இதைக் கேட்டவர் ஆண், அதற்காகவே அவரைப் பாராட்டினேன். 1968-ல் நிரோத் வந்தபோது மூன்று 15 காசு. டீத்தூளும் சோப்பும் விற்கிற கம்பெனிகளின் வேனிலேயே ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். பெட்டிக்கடையில் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கியது. அன்றைக்கு வாங்கியவர்களுக்கும் வெட்கம் இருந்திருக்கும்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல இடத்தில் வாசலிலேயே பெட்டி இருக்கும், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். பால்வினை நோயையும் எச்ஐவியையும் தடுப்பது, இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாவற்றிலும், ஆணுறை ஒன்றுதான்.

ஆணுறை கிழிஞ்சிடுச்சு. அவசர மாத்திரை கேட்டா நாலு கடையில இல்லேன்னுட்டாங்க. தமிழ்நாட்டுல தடை பண்ணிட்டாங்களா?

தடை இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று அனுமதி உள்ள மருந்து. பெங்களூருக்குப் போனால் எந்தக் கடையிலும் கிடைக்கிறது, ஓசூரில் இந்தப் பக்கம் நின்று கேட்டால் "அதெல்லாம் வைக்கிறதில்லைம்மா". கலைப்பு மாத்திரை என்று தவறாக நினைத்துப் பயப்படுகிற கடைக்காரர்கள் உண்டு. கேட்கிற பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு "இல்லை" என்கிறவர்களும் உண்டு. இது கலைப்பு மாத்திரை இல்லை. கருமுட்டை வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே தரித்திருந்தால் இது ஒன்றும் செய்யாது.

72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று. கடையில் இல்லையென்றால் அலையாமல் ஊர் செவிலியரைத் தேடுங்கள். மாத்திரையே கிடைக்காமல் போனாலும் ஒரு வழி உண்டு: ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டால் மாத்திரையைவிட நன்றாகத் தடுக்கும். இதை அதிகம் பேர் சொல்வதில்லை.

ஆபரேஷனுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாம். அவர் துபாய்ல இருக்கார்.

வேண்டாம். அரசு வழிகாட்டு நெறிப்படி கருத்தடை அறுவை சிகிச்சைக்கு யாருக்குச் செய்கிறார்களோ அவர் சம்மதம் மட்டும் போதும். பெண்ணுக்கு 22 முதல் 49 வயது, கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. "கையெழுத்து வாங்கிட்டு வா" என்பது பின்னால் சண்டை வரக் கூடாது என்று மருத்துவமனைகள் தாங்களாகப் போட்டுக்கொண்ட பழக்கம். விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், தானாக இறங்கி வருவார்கள்.

அவரைப் பண்ணிக்கச் சொன்னா, "ஆம்பளைக்குப் பண்ணினா அப்புறம் மூட்டை தூக்க முடியாது"ங்கிறார்.

தூக்கலாம், ஒரு வாரம் கழித்து. தழும்பில்லா வாசெக்டமிக்குக் கத்தியே படாது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை, பத்துப் பதினைந்து நிமிடம், தையல் இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். ஆண்மைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. விந்தணு வருகிற குழாயைத்தான் கட்டுகிறார்கள், ஹார்மோன் ரத்தத்தில் போய்க்கொண்டேதான் இருக்கும். மூன்று மாதம் வரை வேறு முறையும் சேர வேண்டும், அதன்பின் விந்துப் பரிசோதனை. பெண்ணுக்குக் கொடுப்பதைவிட ஊக்கத்தொகையும் அதிகம்.

இருந்தும் என்ன? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் செய்துகொண்ட வீடு ஆயிரத்தில் ஒன்று. இத்தனை வருடத்தில் நான் அழைத்துப்போன ஆண்களை ஒரு ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்துவிடலாம்.

பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1975-77 நெருக்கடி நிலையில் வட மாநிலங்களில் ஆண்களைப் பிடித்துப் பிடித்துச் செய்தார்கள். அதன்பின் அரசியல்வாதிகள் ஆண்கள் பக்கமே திரும்பவில்லை, பாரம் முழுக்கப் பெண் மேல் விழுந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள், பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் என்ற சமூக ஆர்வலர் அதற்கு முன்பே தொடுத்திருந்த வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது.

ஆபரேஷன் பண்ணியும் தரிச்சிருச்சு. வீட்ல என்னைச் சந்தேகப்படறாங்க.

முதல் வேலை, அவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பெண் ஆபரேஷனும் ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்குத் தவறும். குழாய் தானாகவே சேர்ந்துகொள்வது உண்டு. இரண்டாவது வேலை, உடனே ஸ்கேன். குழாயிலேயே கரு தங்கியிருந்தால் உயிருக்கு ஆபத்து. அடிவயிறு ஒரு பக்கமாக வலித்து மயக்கம் வந்தால் 108.

அரசு மருத்துவமனையில் செய்ததென்றால் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. தரித்தது தெரிந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆபரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். பீரோவில் நகைச்சீட்டோடு அதையும் வையுங்கள். குழந்தை வேண்டாம் என்றால் சட்டப்படி கலைக்கலாம், கருத்தடை தவறியது அதற்கு ஏற்ற காரணம்தான்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. கலைக்க சட்டம் விடுமா? யாருக்கும் தெரியாம இருக்குமா?

விடும். 1971 கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். கணவர் என்று இருந்த இடத்தில் இணையர் என்று போட்டார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைமைகளில் இரண்டு டாக்டர்கள். அதிலும் கல்யாணம் ஆகாதவர்களைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 18 வயது தாண்டியிருந்தால் உங்கள் கையெழுத்து மட்டுமே, அப்பாவோ கணவரோ வேண்டாம். உங்கள் விவரத்தை வெளியே சொன்னால் டாக்டருக்கே தண்டனை உண்டு.

நாள் தள்ளிப்போனால் யோசித்துக்கொண்டே மாதத்தை ஓட்டாதீர்கள். ஒன்பது வாரத்துக்குள் என்றால் டாக்டர் தருகிற மாத்திரையிலேயே முடிந்துவிடும். அதே மாத்திரையைக் கடையில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போட்டு, ரத்தம் நிற்காமல் விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. எத்தனை வாரம், கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தொடவே கூடாது.

பொண்ணுக்கு 17 வயசு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா?

மறைக்காமல் சொல்கிறேன். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும், அந்தப் பெண்ணே விரும்பிப் போயிருந்தாலும் சரி. கலைக்கப் பாதுகாவலர் கையெழுத்தும் வேண்டும். ஆனால் மேலே சொன்ன 2022 தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது: பெண்ணும் பெற்றவரும் கேட்டுக்கொண்டால் கலைப்புக்காக வந்த பெண்ணின் பேரையும் அடையாளத்தையும் டாக்டர் அந்தத் தகவலில் சொல்ல வேண்டியதில்லை. பல டாக்டர்களுக்கே இது தெரியாது.

போலீசுக்குப் பயந்து நாட்டு மருந்து, கருவைக் கலைக்கக் குச்சி வைக்கிற ஆள் என்று போகாதீர்கள். அப்படிப் போன ஒரு பெண்ணுக்கு இரண்டு பேராகப் பிடித்துக்கொண்டு சலைன் ஏற்றியது இன்னும் என் கையில் இருக்கிறது.

இப்ப குழந்தை குறைஞ்சுபோச்சு, சீக்கிரம் பெத்துக்கோங்கன்னு முதலமைச்சரே சொன்னார். நீங்க இன்னும் கருத்தடை பேசறீங்களே?

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் கல்யாண மேடையில் முதலமைச்சராக ஸ்டாலின் சொன்னதைத்தான் கேட்கிறார்கள். மக்கள்தொகைப்படி எம்பி தொகுதிகளை மறுவரையறை செய்தால் தமிழ்நாட்டுக்குக் குறைந்துவிடும் என்ற கவலையில் சொன்னது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான் என்பதும் சரி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரெண்டோடு நிறுத்து என்று சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம், மாதம் இத்தனை கேஸ் என்று மேலிருந்து இலக்கு. 1996-ல் இலக்கை எடுத்தார்கள். அன்றைக்கு நிறுத்து, இன்றைக்குப் பெறு. இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை. 1930-களில் பெரியார் கருத்தடை பேசியபோது நாட்டின் மக்கள்தொகைக் கணக்கை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெண் விடுதலைக்கு அது வேண்டும் என்றார். எனக்கு அந்தக் கணக்கு போதும்.

ஆபரேஷன் பண்ணினதைத் திரும்ப மாத்த முடியுமா?

சிலருக்கு முடியும், நம்பிச் செய்யக் கூடாது. வெட்டிய குழாயைத் திரும்பச் சேர்க்கிற அறுவை சிகிச்சை உண்டு. மீதிக் குழாய் எவ்வளவு நீளம் இருக்கிறது, வயது என்ன என்பதைப் பொறுத்தது. லேப்ராஸ்கோப்பில் (சின்னத் துளை வழியாகக் கருவி விட்டு) வளையம் போட்டவர்களுக்குக் குழாய் குறைவாகவே சேதமாகியிருக்கும், அவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். சிசேரியனோடு வெட்டிக் கட்டியவர்களுக்கு வாய்ப்பு குறைவு.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகள் எல்லாரையும் இழந்த தாய்மார்களில் நிறையப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அரசே செலவை ஏற்று அந்தச் சேர்ப்பு அறுவை சிகிச்சையைச் செய்து கொடுத்தது. சிலருக்குத் திரும்பப் பிறந்தது, பலருக்கு இல்லை. அதற்குப் பிறகு, 23, 24 வயதில் "ரெண்டாவது பிரசவத்தோட பண்ணிடுங்க" என்று வந்து நிற்கிற பெண்ணிடம், பத்து வருடக் காப்பர் டி ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுச் சொல்லு என்று ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத்தான் படிவத்தை நிரப்புவேன்.